உள்ளே ஆளில்லை

அரபு மொழியில் டாங்கியைத் 'தப்பாபா' என்பார்கள். 'தப்ப' என்னும் வினைச்சொல்லுக்கு ஊர்தல், மெல்ல நகர்தல் என்பது பொருள். நிலத்தில் ஊர்ந்தும் நடந்தும் திரியும் உயிரினத்தைத் திருமறை 'தாப்பா' என்று குறிப்பதும் இதே வேரில் பிறந்த சொல்லால்தான். 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், பிரான்ஸ் நாட்டின் சோம் போர்க்களத்தில் ஆங்கிலேயர் இந்த இரும்பு வாகனங்களை முதன்முதலாக இறக்கினார்கள். இரகசியம் வெளிப்படாதிருக்க வேண்டித் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் 'டாங்க்' என்ற பெயரை அவற்றுக்குச் சூட்டியிருந்தார்கள். அந்தப் பொய்ப்பெயரே பின்னர் மெய்ப்பெயராக நிலைத்துவிட்டது. அரபியருக்கோ பெயர் தேடும் தொல்லையே நேரவில்லை. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் (கி.பி. 630) தாயிஃப் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, நபித்தோழர்கள் சிலர் ஒரு தப்பாபாவினுள் புகுந்து மதிலை நோக்கி ஊர்ந்து சென்றார்கள். மதில்மேல் நின்ற தகீஃப் கோத்திரத்தார் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அதன்மீது எறிந்தார்கள். வெப்பம் தாளாமல் வெளியே வந்தவர்கள்மீது அம்பு பாய்ந்தது. சிலர் உயிர் துறந்தனர். இப்னு ஹிஷாம் தம் ஸீரத் நூலில் இதை எழுதியிருக்கிறார். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இரும்பில் வந்த புது வாகனத்துக்கு அரபியர் அந்தப் பழஞ்சொல்லையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

வேலூர் பாக்கியாத்தில் நான் ஓதிய நாட்களில் எங்களுக்கு இந்தப் பகுதியை நடத்திய உஸ்தாத், பழைய அகராதியிலிருந்து அச்சொல்லின் விளக்கத்தையும் படித்துக் காட்டினார்கள். ஆட்கள் உள்ளே புகுந்துகொள்ள, கோட்டைச் சுவரின் அடிவரை நகர்த்தப்படும் போர்க்கருவி. உள்ளிருந்தபடியே அவர்கள் சுவரைக் குடைவார்கள் என்பது அதன் கருத்து. படித்து முடித்ததும் உஸ்தாத் விரலை உயர்த்தி, "உள்ளே ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அது வெறும் கூண்டு" என்று சொன்னார்கள். இலக்கணக்காரர்களுக்கே உரிய கண்டிப்பு அது.

ஆளில்லாத தப்பாபாக்கள் பத்துப் பன்னிரண்டு ஒன்றோடொன்று போரிடுவதைச் சென்ற ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் என் கண்ணால் கண்டேன். என் மகள் அங்கே குடித்தனம் செய்கிறாள். பள்ளி விடுமுறைக்கு நானும் என் துணைவியாரும் மூன்று மாதம் அவர்களோடு தங்கியிருந்தோம். அடுத்த வீட்டில் ஒரு பெரியவர். என்னைவிட நான்கைந்து ஆண்டு மூத்தவர், இயந்திரப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவருடைய வாகனக் கொட்டகையில் கார் இல்லை. ஷெர்மன் டாங்கி ஒன்று இருந்தது. என் பேரனுக்குப் பதினொரு வயது. பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு அந்தக் கொட்டகைக்கு ஓடுவான்.

அசல் டாங்கியின் அளவில் ஆறில் ஒன்றாகச் செய்யப்பட்ட மாதிரி அது. ஆறில் ஒன்று என்றவுடன் பொம்மை என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஷெர்மன் ஏறக்குறைய 5.84 மீட்டர் நீளமும் 2.6 மீட்டர் அகலமும் உடையது. இதன் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் 44 சென்டிமீட்டர். ஜெர்மானியரின் டைகர் டாங்கியை இதே கணக்கில் செய்தால், நீட்டிய பீரங்கியோடு 1.4 மீட்டர் வரும். நீளத்தை ஆறால் வகுத்தால் எடையும் ஆறில் ஒன்றாகும் என்று என் பேரன் எண்ணியிருந்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆறில் ஒன்றாகும்போது எடை 216-இல் ஒன்றாகிவிடும் என்பதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 30 டன் ஷெர்மன் அப்படியே சுருங்கினால் சுமார் 140 கிலோ. பெரியவர் பலகையும் அலுமினியமும் கலந்து செய்திருந்ததால், இரண்டு பேர் சேர்ந்து வண்டியில் ஏற்றும் கனத்தோடு நின்றது. பிரிட்டனில் இதே அளவில் முழு உலோகப் பாகங்களாகச் செய்து விற்கும் ஆர்மர்டெக் போன்ற நிறுவனங்களும் உண்டு. அவற்றை வாங்கிப் பூட்டுவோர் பெரும்பாலும் அழகு பார்ப்பவர்கள். அடிபட்டு வண்ணம் பூசிக்கொள்ளும் டாங்கியைப் பலகையில் செய்தால்தான் மனம் பதறாது என்பது பெரியவரின் சித்தாந்தம்.

அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். சக்கர நாற்காலியிலிருந்து கழற்றிய இரண்டு மோட்டார்கள், பக்கத்துக்கு ஒன்று. டாங்கிக்குக் காரைப் போலத் திருப்புசக்கரம் கிடையாது. இடப்பக்கப் பட்டை நிற்க வலப்பக்கப் பட்டை ஓடினால் இடப்பக்கம் திரும்பும். ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக ஓடினால் நின்ற இடத்திலேயே சுழலும். இந்தப் பட்டைதான் இக்கலையின் உயிர்நாடி, தொல்லையும் அதுவே. சங்கிலியில் துண்டு துண்டாகத் தகடு பூட்டி, பற்சக்கரத்தில் ஏற்றி, இழுவிசையைச் சரிபார்த்து ஓடவிட்டால், ஒரு கல் இடையில் புகுந்ததும் கழன்று விழும். போரில் சாயக் குண்டால் வீழும் டாங்கிகளைவிடப் பட்டை கழன்று வீழும் டாங்கிகளே அதிகம் என்று அவர் சொன்னபோது மிகைப்படுத்துகிறார் என்று எண்ணினேன். களத்தில் பார்த்தபின் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

பீரங்கியின் உள்ளே சாயக் குண்டுத் துப்பாக்கி மறைந்திருக்கிறது. 0.68 அங்குல விட்டமுள்ள உருண்டை. மருந்துக் கடைக் குளிகையைப் போல ஜெலட்டின் தோலுக்குள் வண்ணக் குழம்பு. அழுத்திய வாயு அதை உந்தித் தள்ளும். பட்ட இடத்தில் உடைந்து கறையாகும். ஜெலட்டின் என்றதும் என் பேரன் என் காதோடு, "நன்னா, அது ஹலாலா?" என்று கேட்டான். "நாம் அதைத் தின்னப் போவதில்லை, தம்பி" என்றேன். எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்ற விவரம் இனிமேல்தான் வர வேண்டும்; கேட்கத் தோன்றியதே பெரிது.

கையில் பிடிக்கும் கருவியிலிருந்து வானொலி அலை வழியே கட்டளை போகிறது. 1898-ஆம் ஆண்டிலேயே நிகோலா டெஸ்லா நியூயார்க்கின் மாடிசன் சதுக்க மண்டபத்தில் ஒரு சிறு படகைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு எதுவுமின்றி இயக்கிக் காட்டினார். அங்கிருந்து விளையாட்டுக் கடைவரை வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. ஜப்பானில் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம் 1974-இல் 1/16 அளவில் வானொலியால் இயங்கும் டாங்கியை வெளியிட்டது. அவர்களுடைய பிற்கால டாங்கிகள் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியால் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். அடிபட அடிபட வேகம் குறைந்து இறுதியில் தாமாகவே நின்றுவிடும். கனரக டாங்கி பல அடி தாங்கும். இலேசான டாங்கி சில அடிகளிலேயே ஓய்ந்துவிடும். ஆனால் அடுத்த குண்டுக்கு அது விரைவில் ஆயத்தமாகும். வீட்டுக் கூடத்தில் ஆடத் தக்க துப்புரவான போர். அடிபட்டாயா இல்லையா என்பதை இயந்திரமே சொல்லிவிடுவதால் மனிதர் பொய் சொல்ல அங்கே இடமில்லை.

பெரியவருக்கு அந்த வகை பிடிக்கவில்லை. காரணத்தைக் களத்தில் கண்டேன்.

காட்டோரம் ஒரு தனியார் நிலம். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். நரைத்த தலைகளே மிகுதி; ஓர் அம்மையாரும் இரண்டு இளைஞர்களும் இருந்தார்கள். முகக் கவசம் அணியாமல் எவரும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது முதல் சட்டம். மனிதரை நோக்கிக் குழாயைத் திருப்பியவர் அன்று முழுவதும் ஆட முடியாது என்பது இரண்டாவது. இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஓடையின் மேல் பலகையால் அமைத்திருந்த சிறு பாலத்தைப் பிடிக்க வேண்டும். டைகர் ஒன்று, ரஷ்யரின் டி-34 இரண்டு, எட்டுச் சக்கரக் கவச வண்டி ஒன்று என்று பல தேசத்து வாகனங்களும் வரலாற்றைக் கலைத்துப் போட்டது போல் ஒரே அணியில் நின்றன. ஓட்டுபவர்கள் களத்தோரம் நின்றபடி கருவியின் பிடிகளை அசைக்கிறார்கள். உலர்ந்த இலையில் பட்டைகள் உரசும் ஓசை. 'டப்' என்று சாயக் குண்டு புறப்படும் ஓசை. பிறகு நெடு நேரம் ஒன்றுமே நடப்பதில்லை. போரில் பெரும்பகுதி காத்திருத்தல்தான் என்று பெரியவர் பின்னர் சொன்னார்.

பாலத்துக்கு இருபது அடி இருக்கும்போது அவருடைய ஷெர்மன் ஒரு மரத்தடியில் திரும்பியது. புதரின் மறைவிலிருந்து ஒரு 'டப்'. யாரும் எதுவும் பார்க்கவில்லை. எதிரணிக்காரருக்கே தம் குண்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெரியவர் இரண்டடி முன்னே நடந்து குனிந்து பார்த்தார். எங்கள் கண்ணுக்கு மறைந்த பக்கத்தில் மஞ்சள் கறை. நிமிர்ந்து கையை உயர்த்தி, "அடிபட்டேன்" என்றார். கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தம் டாங்கியின் அருகே கையைக் கட்டிக்கொண்டு ஆட்டம் முடியும் வரை நின்றார். அடிபட்ட டாங்கி கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். உடையவர் வாய் திறக்கக் கூடாது. களத்தில் எந்தத் திசையில் எதிரி இருக்கிறான் என்று இறந்தவன் சொல்ல முடியாதல்லவா! அந்த மஞ்சள் கறையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேலே போயிருந்தால் கேட்பார் இல்லை. அமானத் என்று நம் பிள்ளைகளுக்கு எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். என் பேரன் அன்று கண்டதைப் போல ஒன்றை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியதில்லை.

ஆனால் வீட்டில் வழக்கு எழுந்தது. அடுத்த முறை தானும் ஒரு டாங்கியை ஓட்ட வேண்டும் என்று பையன் கேட்டான். என் மகள் மறுத்தாள். "அத்தா, விளையாட்டுக்குக்கூட ஒருவரை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது, மலக்குகள் சபிப்பார்கள் என்று ஹதீஸ் இருப்பதாக நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள்? இப்போது பேரனைக் கூட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்க்கிறீர்களே!" என்றாள். மருமகன், இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் முடிக்கப் பார்த்தார். அது விடையாகாது. என் மகளின் கேள்வி நியாயமானது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நபிமொழியை அடியொற்றியது.

நான் அவளுக்கு வேறொரு நிகழ்ச்சியை நினைவூட்டினேன். பெருநாள் ஒன்றில் அபிசீனியர் சிலர் மதீனாப் பள்ளியில் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னால் நிறுத்தி, அவர் போதும் என்னும் வரை பார்க்க வைத்தார்கள். கல்லெடுத்து எறிந்து விரட்டப் போன உமர் (ரலி) அவர்களையும் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அந்த ஈட்டிகள் அசல் ஈட்டிகள். ஆகவே போர்க்கருவியால் விளையாடுவது ஒன்று. மனிதனைக் குறிவைத்து விளையாடுவது வேறொன்று. நான் பார்த்த களத்தின் இரண்டாவது சட்டம் அந்த நபிமொழியின் பக்கத்தில்தான் நிற்கிறது. அங்கே டாங்கி டாங்கியைச் சுடுகிறது, உள்ளே ஆளில்லை. இதே சாயக் குண்டை மனிதர் ஒருவர்மீது ஒருவர் சுட்டுக்கொண்டு ஆடும் ஆட்டமும் அந்நாட்டில் பரவியிருக்கிறது. அதற்கு அவன் போக வேண்டாம் என்று நானும் சொன்னேன். டாங்கிக் களத்துக்குப் போய் பேட்டரி சுமக்கட்டும், கறை எண்ணட்டும், பட்டை கழன்றால் பூட்டிக் கொடுக்கட்டும், ஒரு கோடை கழித்து ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம் என்று தீர்ப்பாயிற்று. மகள் முழுமனதாக ஒப்பவில்லை. தீர்ப்புச் சொன்னவர் தகப்பனார் என்பதால் பேசாமல் இருந்தாள்.

போர்வாகனத்தைச் சிறிதாக்கிப் பிள்ளை கையில் கொடுப்பது மேனாட்டார் கண்டுபிடித்த வழக்கமன்று. நம் மொழியில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமே சிறுதேர் உருட்டல். தேர் என்பது திருவிழாவுக்கு வருமுன் போர்க்களத்துக்குரியதாய் இருந்தது, நாற்படையில் ஒன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் மூன்று சக்கரச் சிறுதேர் வைத்திருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் இந்த மரபைக் கைவிடவில்லை. புலவர் எவரும் அந்தச் சிறுதேரில் சின்னஞ்சிறு போர்வீரனை ஏற்றி வைத்ததாக என் நினைவில் இல்லை. தேர் வெறுமையாகவே உருள்கிறது.

நாங்களும் சிறுவயதில் டாங்கிப் போர் ஆடியவர்கள்தாம். என் தாய்மாமா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றினார். 1961-இல் நிறுவப்பெற்ற அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் 'விஜயந்தா' டாங்கிகள் வெளிவந்தன. விடுமுறையில் ஊருக்கு வரும் மாமா, 1965-ஆம் ஆண்டுப் போரில் பாட்டன் டாங்கிகளை ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் வீழ்த்தி உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதின் கதையைச் சொல்வார். அவ்வளவுதான், தெருவில் எல்லாப் பையன்களும் அப்துல் ஹமீது ஆகிவிட்டோம். பாட்டன் டாங்கியாக வர ஒருவனும் ஒப்பவில்லை. இறுதியில் கல்யாண வீட்டுத் தண்ணீர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதையே டாங்கியாக வைத்துக்கொண்டோம். ஆங்கிலேயர் வைத்த பொய்ப்பெயரை எங்கள் தெரு அறியாமலே மெய்யாக்கிவிட்டது. அண்டாவின் உள்ளே யார் இருந்தார்கள் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

டாங்கியையும் விளையாட்டுப் போரையும் சேர்த்து நினைக்கும்போது ஹெச். ஜி. வெல்ஸ் நினைவுக்கு வருகிறார். 1903-இல் அவர் எழுதிய கதையொன்றில் தரையில் ஊரும் இரும்புக் கப்பல்கள் பதுங்கு குழிகளைத் தாண்டி வருகின்றன. அசல் டாங்கி பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுக்கு முந்திய கற்பனை அது. அதே மனிதர் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலை எழுதினார். வில்லால் மரத்துண்டை எய்யும் பொம்மைப் பீரங்கியைக் கொண்டு ஈய வீரர்களை வீழ்த்தும் ஆட்டத்துக்கான விதிநூல் அது. இந்தச் சிறு போர் அந்தப் பெரும் போரைவிட எத்தனையோ மேல், யாருக்கும் கை கால் போவதில்லை என்று நூலின் முடிவில் வாதிட்டிருக்கிறார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. இன்னும் இரண்டாண்டில் அவருடைய இரும்புக் கப்பல்களும் வந்து சேர்ந்தன. அவர் கற்பனைகள் இரண்டில், உலகம் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டது.

உள்ளே ஆளில்லாமை விளையாட்டுக்கு மட்டும் உரிய இலக்கணமாக நீடிக்கவுமில்லை. 1930-களில் சோவியத் படை வானொலியால் இயங்கும் டாங்கிகளை உருவாக்கி, 1939-40 குளிர்காலத்தில் பின்லாந்துப் போரில் பயன்படுத்தியது. ஓட்டுபவன் பின்னால் வேறொரு டாங்கியில் இருந்தான். 1942 முதல் ஜெர்மானியர் 'கோலியாத்' என்ற சிறு வாகனத்தை அனுப்பினார்கள். பட்டையில் ஊர்ந்து போய் வெடித்துவிடும் நடமாடும் கண்ணிவெடி. பின்னால் நீளும் கம்பி வழியே கட்டளை போகும். கம்பியை வெட்டிவிட்டால் நின்றுவிடும். கோலியாத் என்பவன் திருமறை கூறும் ஜாலூத். தாவூது (அலை) அவர்களால் கொல்லப்பட்டவன். அந்த அரக்கனின் பெயரைச் சுமந்த வாகனத்தின் நீளம் ஒன்றரை மீட்டர். உயரம் 56 சென்டிமீட்டர். ஆறில் ஒன்றாகச் செய்த டைகர் டாங்கியை அதன் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒன்றில் சாயம், மற்றொன்றில் வெடிமருந்து.

2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்த பின் நிகழ்பவை எல்லோரும் அறிந்தவை. விளையாட்டு விமானம் விடுவோர் கையில் வைத்திருக்கும் அதே வகைக் கருவியைப் பிடித்தபடி பதுங்கு குழியில் அமர்ந்திருப்பவன், பல கிலோமீட்டருக்கு அப்பால் டாங்கியின் மேல்மூடியைத் தேடிப் பறக்கிறான். பட்டையில் ஊரும் ஆளில்லா வண்டிகள் குண்டு சுமக்கின்றன, கண்ணிவெடி வைக்கின்றன, காயம்பட்டவர்களை இழுத்தும் வருகின்றன. அனுப்பும் பக்கத்தில் ஆளில்லை என்பதால் அடிபடும் பக்கத்திலும் ஆளில்லை என்று ஆகிவிடாது. மேரிலாந்துக் களத்தில் இரண்டு பக்கமும் ஆளில்லை. அந்த வேறுபாடு போய்விட்டால் பெயர்தான் விளையாட்டு.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது, மருமகன் மொழிபெயர்த்து முடிக்கும் வரை கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு தம் ஷெர்மனின் மேல்மூடியைத் தட்டினார். ஆறில் ஒன்று என்பது ஓரடி உயரப் பொம்மைகளின் அளவு. 1964-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த 'ஜி.ஐ. ஜோ' சிப்பாய்ப் பொம்மையின் அளவும் அதுதான். அந்த அளவில் உடை, தொப்பி, கண்ணாடி எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. மற்றவர்களின் டாங்கிகளில் மேல்மூடி திறந்து தளபதி பொம்மை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இவருடையது மட்டும் எப்போதும் மூடியே இருந்ததை நான் கவனித்திருந்தேன். மூடி திறக்கவே திறக்காதாம். பலகையோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார்.

அவர் 1991 பிப்ரவரியில் இராக்குக்குப் போன படையில் இருந்தவர். எம்1ஏ1 ஆப்ராம்ஸ் டாங்கியில் குறிபார்த்துச் சுடுபவர். அந்தத் தரைப்போர் பிப்ரவரி 24 முதல் 28 வரை, ஏறக்குறைய நூறு மணி நேரம் நடந்தது. வெப்பத்தைக் காட்டும் கண்ணாடியில் தூரத்து வாகனம் ஒரு வெளிறிய கட்டியாகத் தெரியும். பொத்தானை அழுத்தினால் கட்டி பெரிதாகும். அவ்வளவுதான் பார்த்தேன் என்றார். "இங்கே அடித்துவிட்டுப் போய் எதிராளியின் கையைக் குலுக்குகிறேன். அடிபட்டால் அவர் வந்து குலுக்குகிறார்."

நான் அரபு ஆசிரியன் என்று அவருக்கு முதல் வாரத்திலேயே தெரியும். ஊர் திரும்ப நான்கு நாள் இருக்கையில், இரவு உணவுக்குப் பின் வந்து கதவைத் தட்டினார். பிளாஸ்டிக் உறையில் மடித்த காகிதம் ஒன்றை என் முன் வைத்தார். எரிந்து கிடந்த ஒரு டாங்கிக்குப் பக்கத்து மணலில் எடுத்ததாம். முப்பது ஆண்டுக்கு மேலாக வைத்திருக்கிறார். யாரிடமும் படித்துக் காட்டச் சொன்னதில்லை.

பென்சிலால், அவசரமான ருக்ஆ எழுத்தில் எழுதியிருந்தது. மத்ரஸாவில் அச்செழுத்தான நஸ்கில் ஓதிப் பழகிய கண்ணுக்கு ருக்ஆ எளிதில் பிடிபடாது. இரண்டு சொல்லுக்கு என் துணைவியாரின் கண்ணாடியையும் கடன் வாங்க வேண்டியிருந்தது. மேலே பிஸ்மில்லாஹ். கீழே ஏழு வரி. கடிதமாக இருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். நானும் அப்படித்தான் எண்ணினேன். அது கடன் கணக்கு. கடைக்காரர் ஒருவருக்கு ஆறரைத் தினார். உடன் பணியாற்றும் ஒருவனுக்கு நான்கு. தையற்காரருக்கு இரண்டு. ஆகப் பன்னிரண்டரை. தனக்கு ஒருவன் தர வேண்டிய மூன்று தினாரை எழுதி, அதன்மேல் கோடு இழுத்து, 'விட்டுக்கொடுத்தேன்' என்று பக்கத்தில் குறித்திருந்தான். கடைசி வரியில், கைக்கடிகாரத்தைப் பற்றி உம்மாவுக்குத் தெரியும் என்று இருந்தது. கையெழுத்து இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை.

இறப்பை எதிர்நோக்கும் முஸ்லிம் கடனை எழுதி வைக்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த சட்டம். நான் வரி வரியாகச் சொல்ல, மருமகன் ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் நடுவில் ஒருமுறை மட்டும், கோடு இழுத்த வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அந்தப் பையன் பிழைத்தானா என்று கேட்கவில்லை. சமையலறை வாசலில் என் மகள் ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

நெடு நேரம் கழித்து, "கடன் கொடுத்தவர்களைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் உங்கள் சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்டார். தேடியும் காண முடியாதபோது அவர்கள் பெயரால் அத்தொகையைத் தருமம் செய்துவிடலாம் என்று நம் இமாம்கள் எழுதியிருப்பதைச் சொன்னேன். இறந்தவரின் கடனை வேறொருவர் ஏற்பது கூடுமா என்று அடுத்து வினவினார். கடனோடு இறந்த ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தத் தயங்கியபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தச் சில தினார்களைத் தாம் ஏற்றுக்கொண்டதைச் சொன்னேன். தினார் என்ற சொல் அப்போதும் இதேதானா என்று கேட்டார். இதேதான் என்றேன்.

கணக்கை நஸ்க் எழுத்தில் தெளிவாகப் பெயர்த்தெழுதி, அடியில் ஆங்கிலத்தில் மருமகனைக் கொண்டு எழுதுவித்து, மூலத்தோடு சேர்த்து உறையிலிட்டுக் கொடுத்தேன். நன்றி கூறி எழுந்தார். வாசலில் என் மகள் அவரை நிறுத்தி, சனிக்கிழமை பேட்டரி சுமக்கப் பையன் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள். எட்டு மணி என்றார்.

மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தபோது மருமகன் தம் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினார். இரவு பதினொரு மணிக்குப் பெரியவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. இராக் நாட்டுப் பணம் பன்னிரண்டரைத் தினாருக்கு 1991-ஆம் ஆண்டு பிப்ரவரியில் என்ன மதிப்பு என்று கேட்டிருந்தார்.